சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

பத்தொன்பது நாட்கள் அந்த இரகசியம் தாக்குப்பிடித்தது. கால்நடை மருத்துவமனையின் முன்மேசைக் கணினியில் ஓடுவது பழைய சிஸ்டம் இல்லை, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் என்பது அத்தனை நாளும் சித்திக்குத் தெரியாது.

மருத்துவமனை சித்தியுடையது. டாக்டரும் அவர்தான். கணினியில் எது ஓடினால் அவருக்கு என்ன என்று கேட்கலாம். மருந்துச் சீட்டு அச்சாக வேண்டும், எக்ஸ்ரே தெரிய வேண்டும், அடுத்த தடுப்பூசித் தேதி நினைவில் இருக்க வேண்டும். அதற்குமேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் லினக்ஸ் என்பது அந்தக் குடும்பத்தில் கெட்ட வார்த்தை.

காரணம் சித்தப்பா. கல்யாணமான புதிதில், ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டைப் போட்டு வீட்டுக் கணினியில் அதை நிறுவினார். வட்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளவா என்று அது கேட்டது. கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம் என்று சித்தப்பா 'ஆம்' என்பதை அழுத்தினார். கல்யாணப் படங்கள் போயின. அதையாவது மன்னித்திருப்பார்கள். ஆட்டின் குடற்புழுக்களைப் பற்றிச் சித்தி எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடும் சேர்ந்து போனது. சித்தி அதை முதல் வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தார். எதிரில் உட்கார்ந்து புழுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னது சித்தப்பா. தப்பு லினக்ஸ் மேல் இல்லை, தன் மேல்தான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அது இருவருக்குமே உதவவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'அது' என்பார்கள்.

இரகசியத்துக்குச் சொந்தக்காரி சித்தியின் அக்கா மகள். இயற்பியல் படித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி முன்மேசை உதவிக்கு வந்தவள். பேச்சு குறைவு. போன் அடித்தால் அடுத்த அறைக்குப் போய் எதையாவது அடுக்க ஆரம்பிப்பாள். முன்மேசையின் நிரந்தர அதிகாரி ரிசப்ஷன் அக்கா. அவர் அவளுக்கு வைத்த பெயர் கோட்டான். வாயைத் திறக்காமல் கண்ணை மட்டும் உருட்டுகிறாளாம்.

பின்னறையில் ஆக்சிஜன் கூண்டு என்று ஒன்று இருந்தது. உண்மையில் அது துணி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. மூடிக்குப் பதிலாக, உணவை மூடுகிற பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, பக்கத்தில் துளை போட்டுக் குழாயைச் செருகியிருந்தார் சித்தி. மூச்சு வாங்கும் குட்டிகளை அதில் வைத்தால், உள்ளே சூடு ஏறாமல் யாராவது பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவள்தான் இருப்பாள். அந்த வேலைக்குப் பேச வேண்டியதில்லை. அவள் வந்த புதிதில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி அந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கிப்போனது. நல்ல கூண்டாக இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவள் கேட்டாள். "பாதிக்குப் பாதி" என்றார் சித்தி. சித்தி பொய் சொல்வதில்லை. பூனைகளிடம்கூட.

நல்ல கூண்டுக்காகச் சித்தி பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். நடுவில் குறுக்கே நின்றது முன்மேசைக் கணினி. புதிய பதிப்பு அதில் ஓடாது, பழைய பதிப்புக்குச் சீக்கிரமே ஆதரவு நின்றுவிடும் என்று அது தினமும் ஒரு முறை திரையில் அறிவித்தது. தன் மரணச் செய்தியைத் தானே வாசிக்கிற மாதிரி. ஓடுகிறவரை ஓடட்டும், நின்றுபோனால் கூண்டுக்கு வைத்திருப்பதை எடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று சித்தி சொல்லிவிட்டார். பதிவுகள் இல்லாமல் மருத்துவமனை நடத்த முடியாது. கூண்டு இல்லாமல் இத்தனை வருஷம் நடத்தியாகிவிட்டது.

அது நின்றுபோகிற லட்சணத்தில்தான் இருந்தது. ஒரு நாள், உட்கார இடமில்லாமல் கூட்டம் நிற்கும் நேரத்தில், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. அணைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னது. இரண்டு நாய்கள், ஒரு முயல், ஒரு கிளி, அவற்றின் உரிமையாளர்கள் எல்லாரும் திரையில் சுற்றிய வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் கணினி 'டிங்' என்று ஒரு பிழைச் செய்தி போட்டது. கிளி அதைப் பிடித்துக்கொண்டது. அன்று அது கிளம்புகிறவரை 'டிங்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார்.

மறுநாள் மதியம், அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, அவள் லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைக் கிளப்பிப் பார்த்தாள். வட்டில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அது பென்டிரைவிலிருந்தே ஓடியது. வைஃபை வந்தது. சத்தம் வந்தது. பதிவேடு எப்படியும் பிரவுசரில் ஓடுவதுதான், அதுவும் வந்தது. பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி கிளப்பியதும் பழைய கிழவர் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை விடுமுறை. உள்ளே தங்கியிருக்கும் விலங்குகளுக்குச் சாப்பாடு வைக்கச் சாவி அவளிடம் இருந்தது. சித்தப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவள். எல்லாவற்றையும் இரண்டு வட்டுகளில் நகல் எடுத்தாள். எடுத்ததைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகுதான் 'ஆம்' என்பதை அழுத்தினாள். சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் லினக்ஸ் ஏறியிருந்தது.

லேபிள் பிரிண்டர் மட்டும் மசியவில்லை. மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டை அது குறுக்குவாட்டில் அடித்தது, பிறகு வெறும் காகிதமாகத் துப்பியது. இணையத்தில் தேடினாள். எங்கேயோ ஒரு நாட்டில், ஆறு வருஷத்துக்கு முன்னால், பேக்கரி வைத்திருந்த யாரோ ஒருவருக்கு இதே பிரிண்டரில் இதே தொல்லை. அவர் அதைத் தீர்த்த விதத்தை வரிவரியாக எழுதி, கடைசியில், இப்போது இங்கே மழை பெய்கிறது, நான் ரொட்டி போடப் போகிறேன் என்று முடித்திருந்தார். அவர் சொன்னபடி ஒரு வரியை மாற்றினாள். சீட்டு நேராக வந்தது. அவருக்கு நன்றி எழுத வேண்டுமென்று நினைத்தாள். அந்நியர்களிடம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டாள்.

பிறகு ஒப்பனை. பின்புலத்தில் சித்தியின் பழைய நாயின் அதே படம். சின்னங்கள் அதே இடத்தில், அதே வரிசையில். அக்கா எப்போதும் தவறி அழுத்துகிற அந்தக் கால்குலேட்டரைக்கூட அதே மூலையில் வைத்தாள்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த மருத்துவமனையில் காலை என்பது இப்படி: அக்கா கணினியின் பொத்தானை அழுத்துவார். அது எழுந்து வரக் கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் அவர் பின்னால் போய் டீ போடுவார். சித்தி ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, அக்காவோடு டீ குடிப்பார். யார் வருகிறார்கள், எந்த நாய் கடிக்கும், எந்த நாயின் சொந்தக்காரர் கடிப்பார் என்று பேசிக்கொள்வார்கள். நாள் முழுக்க சித்தி உட்காருவது அந்த ஒரு தடவைதான். கணினி மெதுவாக இருந்ததால் கிடைத்த இடைவேளை என்று அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அக்கா பொத்தானை அழுத்திவிட்டுக் கைப்பையை ஆணியில் மாட்டத் திரும்பினார். மாட்டிவிட்டுத் திரும்பியபோது கணினி தயாராக இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி எட்டிப் பார்த்து, வந்துடுச்சா, அப்ப முதல் ஆளைக் கூப்பிடு என்றார். டீ இல்லை. அன்று சித்தி எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். சாதுவான ஒரு ஆமையிடம்கூட.

மாலையில் அக்கா குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு என்னவோ ஆயிடுச்சு கோட்டான். ஞாயித்துக்கிழமை யாராச்சும் தொட்டாங்களா?"

அவள் கண்ணை உருட்டினாள்.

அந்த மாலையே அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். கணினி கிளம்பியதும் திரையை முழுவதுமாக மறைத்துக்கொண்டு, 'தயாராகிறது, காத்திருக்கவும்' என்ற வரியும், அதற்குக் கீழே சுற்றுகிற ஒரு வட்டமும் வரும். ஏழு நிமிஷம். பழையதைவிடக் கொஞ்சம் குறைவு, அதுதான் முன்னேற்றம். அவசரமென்றால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வட்டம் மறையும். வட்டத்தின் நிறத்துக்கே அரை மணி நேரம் செலவழித்தாள். லினக்ஸில் எதையும் நாம் சொல்கிறபடி மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். முட்டாள்தனமான காரியத்தைச் சொன்னாலும் அது மறுபேச்சில்லாமல் செய்யும் என்று ஒருவரும் எழுதவில்லை.

மறுநாள் வட்டம் சுற்றியது. டீ வந்தது. சித்தி காலை நீட்டினார். எல்லாம் பழையபடி ஆனது.

வட்டம் நின்றபிறகு கணினி பறந்தது. நடுவில் எதுவும் குதித்து வரவில்லை, கணக்கைத் தொடங்கு என்று நச்சரிக்கவில்லை, கூட்ட நேரத்தில் தன்னை அலங்கரித்துக்கொள்ளப் போகவில்லை. தான் மவுசைக் கழற்றிச் சுத்தம் செய்ததால்தான் என்றார் அக்கா. மேசைக்கடியில் தான் வைத்த மின்விசிறியால்தான் என்றார் சித்தி. இருவரும் அதைப் பற்றி இரண்டு நாள் வாதாடினார்கள். மீன் கடைக்காரர் தன் பூனையின் பழைய எக்ஸ்ரே இருக்கிற பென்டிரைவைக் கொண்டுவந்தார். சித்தியின் அறை மடிக்கணினியில் செருகியதும் அது வைரஸ் வைரஸ் என்று அலறியது. முன்மேசையில் செருகியபோது பூனையின் முதுகெலும்பு அமைதியாகத் திறந்தது.

சித்தப்பா கண்டுபிடித்தது ஒரு மாலையில். அவருக்குச் சர்வே அலுவலகத்தில் வேலை. சித்தியைக் கூட்டிப்போக வந்தவர், அறுவைச் சிகிச்சை முடியக் காத்திருக்கும்போது ஒரு வரைபடம் அச்செடுக்க உட்கார்ந்தார். அக்கா கிளம்பிவிட்டிருந்தார். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் அழுத்திப் பார்த்தார்.

"இதுல சி டிரைவ் எங்கம்மா?"

சித்தப்பா மவுசிலிருந்து கையை எடுத்தார், தூங்குகிற குழந்தையிடமிருந்து எடுப்பதுபோல. அறுவைச் சிகிச்சை அறையின் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இது அதுவா?"

தலையாட்டினாள்.

"உள்ள இருக்கிற அம்மணிக்குத் தெரியுமா?"

வேறு பக்கமாகத் தலையாட்டினாள்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழைய சிநேகிதனை ரயில் நிலையத்தில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். ஏன் போட்டாய் என்று கேட்டார். அவள் அன்று பேசினாள். அந்த மாதம் முழுவதும் பேசியதைவிட அதிகம். இந்தக் கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை, அதன்மேல் ஏற்றிய பாரம்தான் அதிகம் என்றாள். இனி எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம், அது சொல்வதில்லை. எந்த நிரல் வேண்டுமென்றாலும் ஒரே இடத்தில் கிடைக்கிறது, கண்ட பக்கத்திலிருந்து இறக்க வேண்டாம். மெனுக்களைத் தமிழில்கூட வைத்துக்கொள்ளலாம். என்ன செய்கிறது என்று திறந்து பார்க்கலாம். தெரியவில்லையென்றால் ரொட்டி போடுகிற ஒருவர் சொல்லித்தருகிறார். நாயின் காதுக்குள் பார்க்கிற கேமரா மட்டும் இதில் வேலை செய்யவில்லை, அதனால் சித்தியின் மடிக்கணினியைத் தொடவில்லை என்றும் சொன்னாள். கூண்டைப் பற்றியும் சொன்னாள்.

"எங்க காலத்துல இதுல சத்தம் வர வைக்கவே ஒரு வாரம் ஆச்சு" என்றார் சித்தப்பா.

"இப்ப தானா வருது."

"காலம் மாறிப்போச்சு. உன் சித்திதான் மாறல."

அன்றிலிருந்து சித்தப்பா தினமும் வந்தார். ஏதாவது ஒரு சாக்கு. ரசீது அச்செடுக்க வேண்டும், மழை வரும்போலிருக்கிறது, குடை கொண்டுவந்தேன். முன்மேசைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பார். என்ன, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு தினமும் கூட்டிட்டுப் போக வர்றீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று சித்தி கேட்டார்.

வட்டத்தைப் பற்றியும் ஒரு நாள் அவள் சொன்னாள். சித்தப்பா சிரித்த சிரிப்பில் உள்ளே தங்கியிருந்த பூனை எழுந்து பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அவர் குரல் மாறியது.

"அத எடுத்துடும்மா. வேகமா இருக்கிறத எத்தன நாள் வேணா மறைச்சு வைக்கலாம். மெதுவா இருக்குன்னு நம்ப வெச்சேன்னு வை, ஒரு நாள் தூக்கிப் போட்டுடுவா."

அவருக்கே சித்தியிடம் சொல்லத் தைரியம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். நான் சொன்னால் பழைய பாக்கியும் சேர்ந்து விழும் என்றார். அவளும் நாளைக்குச் சொல்லிவிட்டு வட்டத்தையும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்றால் அவளுக்கு எப்போதுமே தைரியம் உண்டு.

பிறகு ஒரு காலை, வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கதவு திறப்பதற்கு முன்பே ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். கையில் ஒரு நீள நாய். முகம் பன்னு மாதிரி வீங்கி, கண் மூடியிருந்தது. குளவியோ தேனீயோ கொட்டியிருக்கிறது. சித்தி டீயை வைத்துவிட்டு ஓடினார். மேசையில் கிடத்தி ஊசிமருந்துக் குப்பியை உடைத்தவர் நின்றார். இந்த நாய்க்குப் போன வருஷம் ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. எது என்று பதிவில் இருக்கிறது.

"அந்த மருந்து பேரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். "சுத்துது டாக்டர்."

அவள் அக்காவின் பின்னால் நின்றாள். மூன்று விசைகள் அக்காவின் கைக்குக் கீழே இருந்தன. நகருங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். "இன்னுமா?" என்றது உள்ளேயிருந்து குரல். நாய் கரகரவென்று இழுத்து மூச்சு விட்டது. அவள் அக்காவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவர் கையைத் தள்ளி, விசைகளை அழுத்தினாள். வட்டம் மறைந்தது. பதிவைத் திறந்து, மருந்தின் பெயரை அவளே கத்தினாள். அக்கா திரும்பி அவளைப் பார்த்தார், நாய் பேசியிருந்தால் பார்ப்பதுபோல.

நாய் பிழைத்தது. மதியத்துக்குள் வீக்கம் வடிந்து, வாலாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனது. சித்தி கையைக் கழுவிக்கொண்டு முன்மேசைக்கு வந்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. நிதானமாக இருந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது, இன்றைக்கே கடைக்காரரைக் கூப்பிடு, கூண்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொன்னார். பின்னறைப் பெட்டிக்குள் அப்போதும் ஒரு குட்டி இருந்தது. தாளின் மேல் அதன் மூச்சு ஆவியாகப் படிந்து மறைந்தது.

அன்று மாலையே அவள் நிரலை அழித்தாள். மறுநாள் காலை கணினி கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. அவளுக்கு ஒரு நம்பிக்கை. சித்தி பார்ப்பார், மனது மாறுவார்.

சித்தி பார்த்தார். "விக்கப் போறோம்னு தெரிஞ்சதும் எப்படி ஓடுது பாரு" என்றார் அக்காவிடம். "சந்தைக்குப் போற அன்னிக்கு மட்டும் நிமிந்து நிக்கிற மாடு இருக்கு. நான் பாத்திருக்கேன்."

இனி அதை எந்த வேகமும் காப்பாற்றாது என்று அவளுக்குப் புரிந்தது. யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

கடைக்காரர் மாலையில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை, எதற்கும் தயாரான புன்னகை. பூனைக்கு அவரைப் பிடிக்கவில்லை, நாய்களுக்குப் பிடித்தது. கணினி, திரை, பிரிண்டர், மூன்று வருஷப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பு என்றார். பழைய லேபிள் பிரிண்டர் புதியதோடு ஒத்துப்போகாது, அதனால் அதுவும் புதிது. சித்தி விலையைப் பார்த்துவிட்டுப் பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

சித்தப்பா வழக்கம்போல அங்கே நின்றுகொண்டிருந்தார். அன்றைய சாக்கு, பக்கத்துக் கடையில் பல்பு வாங்க வந்தது. பல்பு கையில் இருந்தது.

பழையதை எடுத்துக்கொள்வதற்கு ஏதாவது கழிவு உண்டா என்று சித்தி கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று கடைக்காரர் முன்மேசையில் உட்கார்ந்தார். மெனுவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். பிறகு, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில், இதில் ஏதோ புகுந்திருக்கிறது மேடம் என்றார். சி டிரைவைக் காணவில்லை, எல்லாம் இடம் மாறியிருக்கிறது, இப்படி முற்றிய வைரஸை இதுவரை பார்த்ததில்லை. வட்டை மொத்தமாக அழித்தால்தான் வேறு எதற்கும் பரவாது. வேண்டுமானால் இப்போதே செய்து தருகிறேன், இலவசம்.

"அழிச்சுடுங்க" என்றார் சித்தி.

"அழிக்காதீங்க" என்றார் சித்தப்பா.

எல்லாரும் திரும்பினார்கள். சித்தப்பா பல்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஏன்?" என்றார் சித்தி. கேட்டு முடிப்பதற்குள் முகம் மாறியது. அவர் வேகமாக யோசிக்கிறவர். கணவரின் முகத்தை, திரையை, மறுபடி கணவரின் முகத்தைப் பார்த்தார். தினமும் வந்து நின்ற மாலைகள் எல்லாம் அவர் கண்ணில் ஓடுவது தெரிந்தது. "நீங்களா? மறுபடியுமா?"

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார். "ஆமா" என்றார். "ஆசையா இருந்துச்சு."

சித்தி கத்தியிருந்தால் சித்தப்பா தாங்கிக்கொண்டிருப்பார், பழக்கம். சித்தி பேனாவைக் காகிதத்தில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடினார். கடைக்காரர் விரலால் காட்டினார். அக்கா மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசைகளை அழுத்திய அந்தக் காலையிலிருந்தே அக்கா அவளை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கூண்டு, சித்தப்பா, வட்டில் இருக்கிற அத்தனை நாய்களின் பதிவு என்று எல்லாம் வரிசையாக அவள் முன் வந்து நின்றன. எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.

"சித்தி" என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கடைக்காரர் மவுசை விட்டார். சித்தியின் பேனா நின்றது.

"சித்தப்பா போடல. அவருக்கு அப்புறம்தான் தெரியும்."

"பின்ன யாரு?"

"நகல் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன். திறந்து பாத்துட்டேன். ஒண்ணுகூடப் போகல. உங்க பழைய நாய் படம்கூட இருக்கு." இது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்போலிருந்தது.

சித்தி பேனாவின் மூடியைப் போட்டார். காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். கோபமா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாடி பார்க்கும்போது வைத்துக்கொள்கிற முகம் அது.

"இது வைரஸ் இல்லையா?"

"இல்ல."

"எத்தன நாளா?"

சொன்னாள். அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் தினமும் இதுலதான் சீட்டு எழுதினேனா?"

"ஆமா சித்தி."

"சரி. நல்லா ஓடுற சாமான்னா, காலையில ஏன் அவ்வளவு நேரம் சுத்துச்சு? அந்த நாய் அங்க கிடக்கும்போதுகூட சுத்துச்சே. அதுக்கு என்ன சொல்ற?"

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சொல்லாமலேயே தப்பிக்கலாம். பழைய கணினி, சூடாக வேண்டாமா என்று ஏதாவது சொல்லலாம், சித்தி நம்பியும் விடுவார். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சித்தியை நேராகப் பார்த்தாள்.

"அதுல இப்ப ஓடுறது லினக்ஸ் சித்தி. போட்டது நான். அது மெதுவா இருந்ததே இல்ல, அந்த வட்டம் பொய். அதையும் நான்தான் எழுதி சுத்த விட்டேன்."